மலைநாட்டுல புது போன் வாங்க போறீங்களா? 4ஜி, 5ஜி ஒத்து வருமான்னு காசு குடுக்க முன்னாடி பாத்துக்கங்க

நம்ம இலங்கை மலைநாட்டுல ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, எந்த டவுனுக்கு போனாலும் போன் கடை கண்ணாடியில பெருசா 5ஜின்னு ஒட்டி வச்சிருக்காங்க, கடைப் பையனும் "அக்கா இது 5ஜி செட்டு, கண்ண மூடிக்கிட்டு எடுங்க"ன்னு தான் சொல்றான், அத எடுத்துக்கிட்டு தோட்டத்துக்கு போயி லயத்து வீட்டுக்குள்ள உக்காந்து பாத்தா ஒரு பார் வரும் போகும், கால் எடுத்தா நெட்டு நின்னுரும். பக்கத்து வீட்டுல மூணு வருஷம் பழைய செட்டுல ஜம்முன்னு வீடியோ கால் ஓடிக்கிட்டு இருக்கும். ஏன்னு கேட்டா காரணம் ரெண்டே ரெண்டு தான். அந்த போன் எந்தெந்த பேண்ட, அதாவது அலைவரிசைய பிடிக்குது, நம்ம கம்பெனி சிம்முக்கு அதுல வோல்ட்டி, அதாவது 4ஜியிலயே கால் பேசுற வசதி வேலை செய்யுதா. பெட்டியில போட்டிருக்க 5ஜி எல்லாம் இதுக்கு அப்புறம்.

புதுசா போன் வாங்குறவங்க, குவைத்துல இருந்து அம்மா அனுப்பின செட்டுக்கு சிம்ம போட்டுட்டு சிக்னல் வரலயேன்னு முழிக்கிறவங்க, மாற்றம் கெடச்சு மலைநாட்டு ஸ்கூலுக்கு வந்திருக்க டீச்சர்மாரு, எல்லாருக்கும் சேத்து தான் இத எழுதுறேன். ஒண்ணொண்ணா பாப்போம்.

முதல்ல கம்பெனி, அப்புறம் தான் போன்

முதல் வேலை கடையில இல்ல, உங்க வீட்டுல இருக்கு. உங்க தோட்டத்து டிவிசன்ல எந்த கம்பெனி சிக்னல் வீட்டுக்குள்ள வருதுன்னு தெரியாம ஒரு லட்சத்துக்கு செட்டு எடுத்தாலும் வீண் தான். 077, 076, 074 டயலாக், 071, 070 மொபிடெல், 078, 072 ஹட்ச், 075 ஏர்டெல், அது 2024ல டயலாக்கோட சேந்துருச்சு. சுத்தி இருக்கவங்க நம்பர பாத்தாலே யாரு எந்த கம்பெனின்னு தெரிஞ்சிரும், அவங்ககிட்ட கேளுங்க. கேக்கும்போது "சிக்னல் இருக்கா"ன்னு கேக்காதீங்க, வாசல்ல நின்னா எல்லாருக்கும் தான் இருக்கு. "குசினிக்குள்ள இருந்து வீடியோ கால் பேச ஏலுமா, ராத்திரி எட்டு மணிக்கு யூடியூப் சுத்தாம ஓடுதா"ன்னு கேளுங்க. தகரக் கூரையும் தடிச்ச கல்லு சுவரும் உள்ள பழைய லயத்துல வாசலுக்கும் குசினிக்கும் நடுவுலயே ரெண்டு பார் கொறஞ்சிரும். ராத்திரி எட்டு மணின்னா வேலைக்கு போனவங்க ஸ்கூல் பிள்ளைங்க எல்லாரும் ஒரே டவர்ல தொங்குற நேரம், அப்ப ஓடுனா எப்பவும் ஓடும்.

மலையில இன்னொரு கூத்து இருக்கு. டவர் கிட்ட இருக்கா தூரத்துல இருக்காங்கிறத விட நேரா கண்ணுக்கு தெரியுதாங்கிறது தான் பெருசு. எதிர் மலை உச்சியில மூணு நாலு கிலோமீட்டர் தள்ளி நிக்கிற டவர் நல்லா வரும், அரை கிலோமீட்டர்ல இருக்கிறத ஒரு மலை முதுகு மறைச்சிருந்தா ஒண்ணுமே வராது. அதனால மேல் டிவிசன் மாமா சொன்னாருன்னு கீழ் டிவிசன்ல இருக்கவங்க சிம் எடுக்காதீங்க, ரெண்டு பேருக்கும் வேற வேற டவரா இருக்கும்.

பனி மூட்டம் போட்டா சிக்னல் போயிரும்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க இல்ல, அது சரியில்ல. போனுக்கு வர்ற அலைய பனி பெருசா ஒண்ணும் பண்ணாது. மழை காலத்துல சிக்னல் சாகுறதுக்கு காரணம் கரண்ட் போயி டவர்ல பேட்டரி தீந்து போறது, இல்லாட்டி டவருக்கும் டவருக்கும் நடுவுல இருக்க மைக்ரோவேவ் லிங்க் பேய் மழையில தடுமாறுறது, இல்லாட்டி மண்சரிவுல ஃபைபர் அறுந்து போறது. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்ப நுவரெலியா பதுளை பக்கமெல்லாம் பாத்தோமே, அந்த நேரம் எவ்வளவு விலை செட்டா இருந்தாலும் ஒண்ணு தான். ரெண்டு சிம் போடுற செட்டா எடுத்து வேற வேற கம்பெனி சிம் ரெண்டு வச்சிக்கிறது நம்ம பக்கத்துக்கு தேவையான ஒண்ணுன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பேண்ட்னா என்ன, எத பாக்கணும்

4ஜின்னா ஒரே அலைவரிசை கெடையாது, பல பேண்ட்ல வருது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். பேண்ட் 3ங்கிறது 1800 மெகாஹெர்ட்ஸ், 2013ல நம்ம நாட்டுக்கு மொபைல் 4ஜி வந்தப்ப இதுல தான் வந்துச்சு, ஆசியாவுல விக்கிற போன்ல எல்லாம் இது இருக்கும். பேண்ட் 1ன்னா 2100, பேண்ட் 8ன்னா 900. பேண்ட் 40 2300 பக்கம், பேண்ட் 41 2500 பக்கம், இது ரெண்டும் டேட்டா நெறைய தாங்கும், தூரம் தான் போகாது.

பேண்ட் நம்பர் இல்ல, மெகாஹெர்ட்ஸ் கொறைய கொறைய அலை தூரம் போகும், சுவர தாண்டும், மலை ஓரத்துல கொஞ்சம் வளைஞ்சும் வரும். காமன் கூத்துல அடிக்கிற தப்பு சத்தம் அந்தப் பக்கத்து மலைக்கும் கேக்கும், அதே எடத்துல ஊதுற விசில் லயத்து கோடி தாண்டாது, அது மாதிரி தான். அதனால பள்ளத்துல, ஆத்தோரத்துல இருக்க லயத்துக்கு 900 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 8 இருக்க போன் பெரிய உதவி. டவுனுக்குள்ள கடை வச்சிருக்கவங்களுக்கு 40ம் 41ம் இருந்தா ஸ்பீடு கெடைக்கும். என்ன கேட்டா 3, 8, 1 மூணும் கட்டாயம், 40 41 இருந்தா நல்லது, மிச்சத்த பத்தி தலைய ஒடைச்சிக்க வேணாம்.

இத எப்படி பாக்குறது? செட்டிங்ஸ்ல கடைசிக்கு போயி அபவுட் போன்ல மாடல் நம்பர் இருக்கும், அத கடைசி எழுத்து வரைக்கும் அப்படியே எழுதிக்கங்க, ஒரே பேர்ல விக்கிற போன் நாலு நாட்டுக்கு நாலு விதமா வரும், வித்தியாசம் அந்த கடைசி எழுத்துல தான் இருக்கு. சாம்சங்ல கடைசியில எஃப் இல்லாட்டி பி இருந்தா பொதுவா உலக சந்தைக்கு செஞ்சது, யு இருந்தா அமெரிக்கா, என் இருந்தா கொரியா. அப்புறம் ஜிஎஸ்எம் அரீனா வெப்சைட்டுல போன் பேர தேடி நெட்வொர்க்னு இருக்க எடத்த அமுக்குனா 4ஜி பேண்ட் நம்பரெல்லாம் வரிசையா விரியும், மாடல் வாரியா பிரிச்சும் போட்டிருப்பாங்க, உங்க மாடல் நம்பருக்கு நேரா உள்ளத மட்டும் பாருங்க. கடைக்காரர் முன்னாடியே நின்னு பாக்கலாம், கோவிச்சிக்கிட்டா வேற கடை.

வோல்ட்டி, இங்க தான் பாதிப் பேரு மாட்டுறாங்க

4ஜி முதல்ல டேட்டாவுக்கு தான் வந்துச்சு, கால் பேசுறதுக்கு இல்ல. வோல்ட்டி இல்லாத போன்ல நீங்க கால் எடுத்த ஒடனே அது 4ஜிய விட்டுட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ கீழ எறங்கி போயி கால எடுக்கும், கால் முடிஞ்ச அப்புறம் தான் திரும்ப மேல வரும். அதனால தான் பேசும்போது வாட்ஸ்அப் மெசேஜ் போகாம நிக்கிது, கால் கனெக்ட் ஆக அஞ்சாறு செக்கன் எடுக்குது. உங்க எடத்துல 4ஜி மட்டும் நல்லா வந்து பழைய சிக்னல் மோசமா இருந்துச்சுன்னா இன்னும் கஷ்டம், நெட்டு ஓடும், கால் மட்டும் வராது, வெளிய இருந்து கூப்புடுறவங்களுக்கு "தொடர்பு கொள்ள முடியவில்லை"ன்னு சொல்லும். வோல்ட்டி இருந்தா காலும் 4ஜியிலயே போகும், சத்தமும் தெளிவா இருக்கும்.

இப்ப சிக்கல் என்னன்னா, போன்ல வோல்ட்டி வசதி இருக்குன்னு பெட்டியில போட்டிருந்தாலும் நம்ம கம்பெனிக்கு அது தெறந்திருக்கணும். போன் செய்யிறவங்களும் சிம் கம்பெனியும் சேந்து ஒவ்வொரு மாடலுக்கும் டெஸ்ட் பண்ணி தான் தெறந்து விடுவாங்க. வேற நாட்டுக்கு செஞ்ச செட்டுல அந்த பட்டனே காட்டாம இருக்கும். கண்டுபிடிக்க சுலபமான வழி இது தான்: உங்க சிம்ம போட்டு, வைஃபைய ஆஃப் பண்ணி, மேல 4ஜி இல்லாட்டி எல்டிஇன்னு வந்த அப்புறம் யாருக்காவது கால் எடுங்க, பேசிக்கிட்டே மேல அந்த எழுத்த பாருங்க. 4ஜி அப்படியே நின்னா வோல்ட்டி வேலை செய்யுது. எச்சுன்னோ 3ஜின்னோ ஈன்னோ மாறுனா இல்ல. சில செட்டுல வோல்ட்டின்னு தனியா குட்டி அடையாளமே வரும்.

மாறுனா ஒடனே செட்ட திருப்பி குடுக்காதீங்க, முதல்ல செட்டிங்ஸ்ல மொபைல் நெட்வொர்க்குக்குள்ள போயி வோல்ட்டி இல்லாட்டி 4ஜி காலிங்னு ஏதாவது ஆஃப்ல இருக்கான்னு பாருங்க, சாஃப்ட்வேர் அப்டேட் இருந்தா போடுங்க. ஷாவோமி, ரெட்மி செட்டா இருந்தா டயல் பேட்ல *#*#86583#*#* அடிச்சா கம்பெனி தெறந்திருக்கான்னு பாக்குற அந்த செக்க எடுத்து விடும், மறைஞ்சிருந்த பட்டன் சில நேரம் வெளிய வரும், வேணாம்னா அதே நம்பர திரும்ப அடிச்சா பழைய மாதிரி ஆயிரும். ஐபோன்ல 6க்கு மேல உள்ளதுல எல்லாம் வசதி இருக்கு, ஜெனரல்ல அபவுட்டுக்குள்ள போயி கொஞ்ச நேரம் நின்னா கேரியர் செட்டிங்ஸ் அப்டேட்னு கேக்கும், சரின்னு குடுங்க.

பழைய சிம், அடுத்தவங்க பேர்ல உள்ள சிம்

போன் சரியா இருந்தும் 4ஜி வரலன்னா சிம் பழசா இருக்கலாம். பத்து பதினஞ்சு வருஷமா அதே சிம்ம வெட்டி வெட்டி மைக்ரோ ஆக்கி நேனோ ஆக்கி பாவிக்கிறவங்க நம்ம பக்கம் நெறைய, அது 4ஜிக்கு முன்னாடி குடுத்த சிம்மு. கம்பெனி கடைக்கு அடையாள அட்டையோட போனா நம்பர் மாறாம புது சிம் தருவாங்க. ஆனா சிம் யாரு பேர்ல இருக்கோ அவங்க போகணும், நம்ம தோட்டங்கள்ல பாதி சிம்மு அண்ணன் பேர்லயோ, கொழும்புல கடையில நிக்கிற தம்பி பேர்லயோ, சில நேரம் விட்டுப்போன சொந்தக்காரர் பேர்லயோ தான் இருக்கு. தீவாளிக்கு தைப்பொங்கலுக்கு அவங்க ஊருக்கு வர்ற நேரம் பாத்து ஒண்ணா போயி உங்க பேருக்கே மாத்திக்கங்க, பேங்க் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்கு தானே வருது.

ஐஎம்ஈஐ, இத விட்றாதீங்க

கடையில போன கையில வாங்குன ஒடனே *#06# அடிங்க, 15 இலக்கத்துல ஒரு நம்பர் வரும், ரெண்டு சிம் செட்டுன்னா ரெண்டு நம்பர். அது தான் ஐஎம்ஈஐ, ஒவ்வொரு செட்டுக்கும் உள்ள அடையாள நம்பர். பெட்டியில ஒட்டியிருக்க நம்பரும் செட்டிங்ஸ்ல இருக்க நம்பரும் இதுவும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, ஒரு இலக்கம் மாறுனாலும் அந்த செட்டு வேணாம்.

அடுத்தது, ஐஎம்ஈஐன்னு இங்கிலிஷ் எழுத்துல டைப் பண்ணி, ஒரு எடம் விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. அந்த செட்டு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுல பதிஞ்சிருக்கான்னு பதில் வரும். பதியாத புது செட்டு 2025 ஜனவரி கடைசியில இருந்து நம்ம நாட்டு நெட்வொர்க்ல வேலை செய்யாதுன்னு ஆணைக்குழு அறிவிச்சுச்சு, ஏற்கனவே பாவனையில இருந்த போனுக்கு அது பொருந்தாதுன்னும் சொன்னாங்க. விலை கொறைவா இருக்கேன்னு ஃபேஸ்புக்ல பாத்து வாங்குற செட்டுல தான் இந்த ஆபத்து ரொம்ப, பதில் வர்ற வரைக்கும் காச கையிலயே வச்சிருங்க.

வெளிநாட்டுல இருந்து வந்த செட்டு

சவூதி, துபாய், கட்டார், குவைத்ல கடையில வாங்குன செட்டு பெரும்பாலும் நமக்கு ஒத்து வரும், அங்க பாவிக்கிற பேண்ட்ல 3ம் 8ம் 1ம் இருக்கு. வோல்ட்டி தான் சந்தேகம். துபாய் பக்கம் விக்கிற சில ஐபோன்ல ஃபேஸ்டைம் இருக்காது, அதையும் பாத்துக்கங்க. அனுப்பப் போறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, தவணைக்கு கம்பெனி கட்டி குடுக்குற, அந்த கம்பெனி சிம்ம மட்டும் ஏத்துக்குற லாக் செட்ட வாங்காம கடையில முழுக் காசு குடுத்து வாங்கச் சொல்லி, வாங்க முன்னாடி மாடல் நம்பர வாட்ஸ்அப்ல போட்டோ புடிச்சு அனுப்ப சொல்லுங்க. அவங்க அங்க வீட்டு வேலையில கஷ்டப்பட்டு சேத்த காசு, இங்க வந்து மூலையில கெடக்கக் கூடாது. இங்க வந்த அப்புறம் பதியணுமான்னு ஆணைக்குழுகிட்ட கேட்டுக்கங்க.

அமெரிக்கா செட்டு மலிவா வருதுன்னு கொண்டாந்து விக்கிறாங்க, அதுல ரெண்டு விசயம். ஒண்ணு, கம்பெனி லாக் இருந்தா நம்ம சிம்ம ஏத்துக்காது. ரெண்டாவது, அமெரிக்காவுல விக்கிற ஐபோன் 14ல இருந்து சிம் போடுற ஓட்டையே கெடையாது, போனுக்குள்ளயே பதிஞ்சிருக்க ஈசிம் மட்டும் தான், எங்க போட்டு குத்துறதுன்னு தேடி பிரயோசனம் இல்ல. சீனாவுக்குன்னு செஞ்ச செட்டு பேண்ட் விசயத்துல பரவாயில்ல, கூகுள் ப்ளே ஸ்டோரும் வோல்ட்டியும் தான் வம்பு. யாரோ பாவிச்ச செட்டுன்னா பழைய ஆளோட ஐகிளவுட், கூகுள் அக்கவுண்ட் எடுத்திருக்கான்னு பாத்து, ஒருக்கா முழுசா ரீசெட் பண்ண சொல்லி, திரும்ப ஓப்பன் ஆகி முகப்பு வர்றத கண்ணால பாத்துட்டு வாங்குங்க.

சரி, 5ஜி?

நேரா சொல்லிர்றேன், தோட்டத்துல இருக்கவங்க 5ஜிக்குன்னு மட்டும் கூட காசு குடுக்காதீங்க. நம்ம நாட்டுல 5ஜிக்கு எடுத்துக்கிட்ட முக்கியமான அலைவரிசை 3500 மெகாஹெர்ட்ஸ், என்78ன்னு சொல்லுவாங்க. மேல சொன்ன கணக்குல பாத்தா அது 1800ஐ விட ரெண்டு மடங்கு உயரம், ஸ்பீடு பறக்கும், மலை முதுகையும் கல்லு சுவரையும் தாண்டாது. எந்த நாட்டுலயும் அது சனம் நெறைஞ்ச டவுன்ல தொடங்கி தான் மெல்ல மெல்ல வெளிய வரும். நுவரெலியா, ஹட்டன், பதுளை டவுனுக்குள்ள இருக்கவங்களுக்கும், கொழும்புக்கு போயி வந்துக்கிட்டு இருக்கவங்களுக்கும் பிரயோசனம் இருக்கலாம். நாலு அஞ்சு வருஷம் வச்சிருக்க போறீங்க, விலையிலயும் பெரிய வித்தியாசம் இல்லன்னா எடுங்க, எடுத்தா என்78 இருக்கான்னு பாருங்க, வோல்ட்டி மாதிரியே இதையும் கம்பெனி அந்த மாடலுக்கு தெறந்திருக்கணும். ஐபோன்னா 12ல இருந்து 5ஜி இருக்கு, அதுக்கும் கம்பெனி தெறந்து விடணும்.

கடை வாசல்ல செய்ய வேண்டியது

உங்க சிம்ம கழட்டி கையோட கொண்டு போங்க, கூடவே சிம் குத்துற ஊசி. கடைக்காரர்கிட்ட சொல்லி செட்டுல போட்டு, கடைக்குள்ள நிக்காம வாசலுக்கு வந்து பாருங்க. 4ஜி வருதா, கால் எடுத்தா நிக்கிதா, ரெண்டாவது சிம் எடத்துலயும் 4ஜி வருதா, பழைய செட்டுகள்ல ஒரு சிம்முக்கு மட்டும் தான் 4ஜி இருக்கும். வைஃபை இல்லாம ஒரு வாட்ஸ்அப் வீடியோ கால் வீட்டுக்கு எடுத்து பாருங்க. புது பெட்டிய ஒடைக்க மாட்டேன்னு சொன்னா அதே மாடல் டெமோ செட்டு இருக்கான்னு கேளுங்க. பில்லுல ஐஎம்ஈஐ எழுதி, எத்தன நாளைக்குள்ள மாத்தி தருவாங்கன்னும் எழுதி வாங்குங்க, வாய்ப் பேச்சு வேணாம், டவுன்ல வர்ற சிக்னல் வேற, நாலு மணி பஸ் புடிச்சு வீட்டுக்கு போனா வர்ற சிக்னல் வேற.

வீட்டுக்கு வந்த அப்புறம்

நெட்வொர்க் டைப்ப 5ஜி, 4ஜி, 3ஜி, 2ஜி ஆட்டோன்னு விட்டுருங்க. யூடியூப்ல பாத்துட்டு எல்டிஇ ஒன்லின்னு போட்டு வைக்கிறாங்க, வோல்ட்டி இல்லாத செட்டுல அப்படி போட்டா நெட்டு வரும், ஒரு கால் கூட வராது, ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம் வேன்கார அண்ணனுக்கு கூப்புட ஏலாம போயிரும். 5ஜி வந்து வந்து போற எடமா இருந்தா அத ஆஃப் பண்ணி 4ஜியில வைங்க, தேடித் தேடியே பேட்டரி தீந்துரும்.

நெட்டே வரலன்னா ஏபிஎன் செட்டிங், அதாவது கம்பெனி நெட்டோட போன சேக்குற செட்டிங் இல்லாம இருக்கும், கஸ்டமர் கேர்ல கேட்டா எஸ்எம்எஸ்ல அனுப்புவாங்க, சேவ் பண்ணிட்டு ஒருக்கா ஆஃப் பண்ணி போடுங்க.

பார் கணக்க நம்பாதீங்க, ஒவ்வொரு கம்பெனி செட்டும் ஒவ்வொரு மாதிரி காட்டும். நெறைய ஆண்ட்ராய்டு செட்டுல *#*#4636#*#* அடிச்சா போன் இன்ஃபர்மேஷன்ல சிக்னல் பலத்த காட்டுற டீபிஎம்னு ஒரு மைனஸ் நம்பர் வரும், சாம்சங்ல *#0011#, ஐபோன்ல *3001#12345#* அடிச்சு கால் பட்டன அமுக்கணும். மைனஸுக்கு பின்னாடி உள்ள எண்ணு சின்னதா இருக்க இருக்க நல்லது: 4ஜிக்கு மைனஸ் 90, இல்லாட்டி மைனஸ் 80 மாதிரி வந்தா அருமை, மைனஸ் 105 வரைக்கும் ஓட்டிரலாம், மைனஸ் 115 தாண்டுனா கஷ்டம். இந்த நம்பர பாத்துக்கிட்டே வீட்ட சுத்தி நடந்தா எந்த சன்னல்கிட்ட நல்லா வருதுன்னு புடிச்சிரலாம். கொரோனா நேரம் ஆன்லைன் கிளாசுக்கு பிள்ளைங்க சிக்னல் தேடி மலை மேல ஏறுனாங்களே, அப்ப இத யாராவது சொல்லி குடுத்திருந்தா சில பேருக்காவது வீட்டு சன்னலே போதுமா இருந்திருக்கும். அந்த சன்னல்ல ரவுட்டர வச்சு வீடு முழுக்க வைஃபை ஆக்கிக்கலாம், உங்க கம்பெனியும் போனும் ஒத்துக்கிட்டா வைஃபை காலிங்கையும் போட்டு விட்டா குசினிக்குள்ளயும் சாதாரண கால் வரும். ஒரு விசயம், வீட்டு ரவுட்டரோட வர்ற சிம்ம போன்ல போட்டு பாவிக்கலாம்னு நெனக்காதீங்க, பேக்கேஜும் பேண்டும் வேற மாதிரி, பெரும்பாலும் ஓடாது.

இவ்வளவு செஞ்சும் சரி வரலன்னா அடுத்த ஆள் போன்ல அதே சிம்ம போட்டு பாருங்க. அதுல வந்தா உங்க செட்டு கோளாறு, பில்லோட கடைக்கு போங்க. அதுலயும் வரலன்னா சிம்மோ டவரோ, அப்ப கம்பெனிக்கு கூப்புடுங்க, டயலாக் 1777, மொபிடெல் 1717, ஹட்ச் 1788, தமிழ்ல பேசலாம். "சிக்னல் இல்ல"ன்னு மட்டும் சொன்னா ஆஃப் பண்ணி போடுங்கன்னு சொல்லிட்டு வச்சிருவாங்க. தோட்டம் பேரு, டிவிசன் பேரு, கிட்ட இருக்க டவுன், எத்தன மணியில இருந்து எத்தன மணி வரைக்கும் மோசம், அந்த டீபிஎம் நம்பர், போன் மாடல், பக்கத்து வீடுகள்லயும் அதே பிரச்சினையா, எல்லாத்தையும் சொல்லி முறைப்பாட்டு நம்பர் ஒண்ணு வாங்கிக்கங்க. ஒரே லயத்துல இருக்க நாலஞ்சு வீட்டுக்காரங்க தனித்தனியா கூப்புட்டு அதையே சொன்னா இன்னும் நல்லது.